கண்ணாடி குத்திய ஓவியம்

ஊர் பற்றி எரியும்போது வட்டமும் கோடும் வரைந்து என்ன ஆகப்போகிறது? அரூப ஓவியம் வரைகிற யாரும் இந்தக் கேள்விக்குத் தப்ப முடியாது. செய்தியில் குண்டு விழுகிறது, பிள்ளைகள் சாகிறார்கள். நீயோ நீலத்துக்குப் பக்கத்தில் எந்த மஞ்சள் நிற்கும் என்று மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறாயே என்று என் அக்காவே கேட்டிருக்கிறாள். நியாயமான கேள்விதான். பதிலாக நான் சலூவா ரவுதா ஷுகேர் என்ற லெபனான் ஓவியரின் கதையைச் சொல்வேன்.

அவருடைய படம் ஒன்றின் பெயர் ‘இரண்டு = ஒன்று’. 1947-க்கும் 1951-க்கும் இடையில் வரைந்தது. அதில் ஆள் இல்லை, மரம் இல்லை. ஒன்றோடொன்று பொருந்தி நிற்கும் வடிவங்கள் மட்டுமே. பல ஆண்டுகள் கழித்து, உள்நாட்டுப் போரில், பெய்ரூத்தில் அவர் வீட்டருகே குண்டு வெடித்துக் கண்ணாடி சிதறியது. சில்லுகள் கான்வாஸைக் கிழித்துக்கொண்டு பாய்ந்தன. சில இன்னும் அதிலேயே இருக்கின்றன.

பார்ப்பவர்கள் அந்தச் சில்லுகளில் நின்றுவிடுகிறார்கள். அவை போரின் கைவேலை. ஷுகேரின் வேலை அவற்றுக்கு அடியில் இருக்கிறது. அதைத்தான் பார்க்க வேண்டும் என்பது என் பிடிவாதம்.

1916-ல் பெய்ரூத்தில் பிறந்தவர் அவர். 1943-ல் கெய்ரோ போனபோது இரண்டாம் உலகப் போரால் அருங்காட்சியகங்கள் மூடிக் கிடந்தன. அதனால் தெருக்களையும் பள்ளிவாசல்களையும் சுற்றிப் பார்த்தார். உருவமே இல்லாமல் கணக்கும் கோணமுமாக விரியும் அந்தச் சுவர்களில் தனக்கான கலையைக் கண்டுகொண்டார். அரூபம் மேற்கிலிருந்து இறக்குமதியான சரக்கு என்று நம்மிடையே இன்றும் பேசுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பாரிஸுக்கு அவர் போனது அதற்குப் பிறகு, 1948-ல். அங்கே புகழ்பெற்ற ஃபெர்னான் லெஜேயின் ஓவியக்கூடத்தில் சேர்ந்தார். சில மாதங்களிலேயே விலகினார்.

ஊர் திரும்பியவர் பின்னாளில் சிற்பத்துக்கு நகர்ந்தார். ‘கவிதை’ என்று அவர் பெயரிட்ட சிற்பங்களில் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்திருக்கும். அரபுக் கவிதையில் ஒவ்வொரு அடியும் தனியாகவும் பொருள் தரும் அல்லவா, அதுபோல ஒவ்வொரு துண்டும் தனியாகவும் நிற்கும், சேர்ந்தும் நிற்கும். முதலில் கைக்கடக்கமான மாதிரி, பிறகு மரம், கல், உலோகம். விற்பனை சொற்பம். செய்தவை வீட்டிலேயே குவிந்தன.

1975-ல் போர் மூண்டது. பெய்ரூத் கிழக்கு, மேற்கு என்று பிளந்தது. நடுவே ‘பச்சைக் கோடு’ என்ற எல்லை விழுந்தது. 1990 வரை நீடித்த அந்தப் போர்க்காலத்தில் அவர் செய்துகொண்டிருந்தவற்றில் ‘இரட்டை’ வரிசைச் சிற்பங்களும் உண்டு. இரண்டு துண்டுகள், ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தில் போய் உட்காரும்.

பிளந்த நகரத்துக்குச் சொன்ன பதில் இது என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டு எப்படி ஒன்றாகும் என்ற கேள்வி போருக்குக் கால் நூற்றாண்டு முன்பே அவரைப் பிடித்துக்கொண்டது. குண்டு விழுந்த ஆண்டுகளிலும் அவர் அதை விடவில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்த ‘அவ்வளவுதான்’ எனக்குப் பெரிது. போர் எல்லோரையும் தன்னைப் பற்றி மட்டுமே பேச வைக்கிறது. யாராவது வேறொன்றைக் கையில் பிடித்திருக்க வேண்டும். ஸ்டுடியோவுக்குள் போவதை ஒளிந்துகொள்வதாக என்னால் நினைக்க முடியாதது இதனால்தான்.

2013-ல் லண்டன் டேட் மாடர்ன் அருங்காட்சியகம் அவருக்குப் பெரிய கண்காட்சி நடத்தியது. அப்போது அவருக்கு வயது தொண்ணூறைத் தாண்டியிருந்தது, நினைவு மங்கிவிட்டது. இவ்வளவு தாமதமானதை என்னால் மன்னிக்க முடியவில்லை. 2017 ஜனவரியில், நூறு வயதில் மறைந்தார்.

‘இரட்டை’ ஒன்றின் படம் கிடைத்தால், அர்த்தம் தேடாமல், எந்தத் துண்டு எங்கே முடிகிறது என்று மட்டும் கண்ணால் பிரித்துப் பாருங்கள். பிறகு திரும்பப் பொருத்துங்கள். அவரும் அதைத்தான் செய்தார்.