கடலுக்குள் போர் போடும் கம்பெனிகள்

“எண்ணெய்தான் கெடச்சிடுச்சே சார், அப்புறம் என்ன?” என்று கேட்டார் அந்த மாந்தோப்புக்காரர். மொரப்பூர் ஸ்டேஷன் பக்கம் உட்கார்ந்து வருமான வரிக் கணக்கும் டீமேட் கணக்கும் பார்க்கிற எனக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. தோப்புக் குத்தகைப் பணம் கைக்கு வந்த சூட்டோடு, வாட்ஸ்அப் குழுவில் வந்த ஒற்றை வரியை நம்பி, கடலில் எண்ணெய் தேடும் ஒரு சின்ன கம்பெனியின் பங்கை வாங்க வந்திருந்தார்.

“உங்க தோட்டத்துல எத்தனை போருங்க?”

“நாலு. மூணுல புகைதான். ஒண்ணுல ரெண்டு இஞ்ச் தண்ணி.”

“தண்ணி வந்த போருக்குக் கரண்டு எப்ப வந்துச்சு?”

சிரித்துவிட்டார். இலவச மின் இணைப்புக்கு எழுதிப் போட்டுவிட்டு வருஷக்கணக்கில் அவர் ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து ஓட்டிய கதை ஊருக்கே தெரியும்.

தர்மபுரி மாவட்டத்துக்காரனுக்கு இந்தத் தொழிலைப் புரியவைக்க இதற்கு மேல் உவமை வேண்டியதில்லை. ஆயிரம் அடி இறக்கியும் புகை வந்தால் அடிக்கணக்குப் பணம் போனது போனதுதான். போர் லாரிக்காரர் திருப்பித் தரமாட்டார். கடலிலும் அதே கதைதான், தொகைதான் வேறு. முதலில் ஒலி அலைகளை அனுப்பிக் கடலடிப் பாறைகளைப் படமெடுக்கிறார்கள். அதைப் பார்த்து ‘இங்கே இருக்கலாம்’ என்கிறார்கள். பிறகு துளையிடும் ரிக்கை நாள் வாடகைக்கு எடுத்துத் துளைக்கிறார்கள். யாரும் தொடாத இடத்தில் இறக்கும் கிணறுகளில் ஐந்தில் ஒன்றோ நான்கில் ஒன்றோ பலித்தாலே நல்ல கை என்பார்கள். ஆழ்கடலில் ஒரு கிணறு வறண்டால் சில நூறு கோடி கரைந்துவிடும். பெரிய கம்பெனி அதைத் தாங்கும். சின்ன கம்பெனிக்குக் கிணறே ஒன்றோ இரண்டோதான்.

நம் நிலத்துப் போருக்கும் கடல் கிணற்றுக்கும் முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு. தோட்டம் நம்முடையது. கடலுக்கு அடியில் இருப்பது அரசியலமைப்பின் 297-ஆவது பிரிவின்படி மத்திய அரசுக்குச் சொந்தம். கம்பெனிக்குக் கிடைப்பது இத்தனை வருடத்துக்குள் தேடிக்கொள் என்ற அனுமதி மட்டும். கெடு முடிந்தால் இடத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பங்கு வாங்குகிறவர்கள் இந்தக் கெடுவைத்தான் பார்ப்பதே இல்லை.

இதற்கு நம் கடலிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. லண்டன் பங்குச் சந்தையில் பட்டியலிட்டிருந்த ஹார்டி என்ற சின்ன கம்பெனி சென்னையில் அலுவலகம் வைத்துக்கொண்டு நம் கிழக்குக் கடலில் வேலை பார்த்தது. சி.ஒய்-ஓ.எஸ்/2 என்ற தொகுதியில் 2007 ஜனவரியில் கணேஷா-1 என்ற கிணற்றில் அதற்கு எரிபொருள் தட்டுப்பட்டது. பங்குதாரர்கள் சந்தோஷப்பட்டிருப்பார்கள். ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு நுணுக்கம். கிடைத்தது கச்சா எண்ணெய் என்றால், அது லாபத்துக்கு ஆகுமா என்று நிரூபிக்க 24 மாதம். தனி எரிவாயு என்றால் 60 மாதம். கம்பெனி ‘வாயு’ என்றது. அரசு ‘எண்ணெய், உங்கள் கெடு முடிந்தது’ என்று சொல்லித் தொகுதியை எடுத்துக்கொண்டது. வழக்கு கோலாலம்பூரில் நடுவர் மன்றத்துக்குப் போனது. 2013-இல் தீர்ப்பு கம்பெனி பக்கம். அதை எதிர்த்து அரசு டெல்லி உயர் நீதிமன்றம் போய், கடைசியில் 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் வரை வந்தது. அங்கே விவாதித்ததும் எண்ணெயா வாயுவா என்பதை அல்ல; இந்த வழக்கை விசாரிக்க இந்திய நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டா என்பதை. உண்டு என்று சொன்னார்கள். துளைத்துப் பார்த்துப் பதினோரு வருடம் கழிந்திருந்தது. பங்கு வாங்கியவருக்கு அந்தக் கிணற்றிலிருந்து ஒரு சொட்டுக்கூட வரவில்லை.

அதே ஹார்டி நடத்திய பி.ஒய்-3 வயல் இன்னொரு விதம். புதுச்சேரிக்கு அப்பால் கடலில் 1997-இல் உற்பத்தி தொடங்கியது. நல்ல லேசான எண்ணெய். இதில் ஓ.என்.ஜி.சி.க்கு 40 சதவீதம், டாடா பெட்ரோடைனுக்கும் ஹிந்துஸ்தான் ஆயில் எக்ஸ்ப்ளோரேஷனுக்கும் தலா 21, நடத்துகிற ஹார்டிக்கு 18. ‘நாங்கள் நடத்தும் வயலில் நாளுக்கு இத்தனை பீப்பாய்’ என்று அறிக்கை வந்தால், நூற்றுக்குப் பதினெட்டுதான் அந்தக் கம்பெனிக்கு. அதிலும் ராயல்டி, அரசின் பங்கு எல்லாம் போக மீதி. 2011 ஜூலையில், கடலில் மிதந்தபடி எண்ணெய் எடுத்துக்கொண்டிருந்த வாடகைக் கலத்தின் ஒப்பந்தம் முடிந்தது. அடுத்து என்ன செய்வது, எவ்வளவு செலவழிப்பது என்று பங்காளிகள் ஒத்துவரவில்லை. வயலில் எண்ணெய் மிச்சமிருக்க, உற்பத்தி நின்றது. பங்காளிச் சண்டையில் தரிசு கிடக்கும் நிலம் நம் ஊரிலும் உண்டுதானே.

ஹிந்துஸ்தான் ஆயில் எக்ஸ்ப்ளோரேஷனை, சந்தையில் ஹோ.இ.சி. என்பார்கள், கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இங்கே அந்தப் பங்கு வைத்திருப்பவர்கள் பலர். எச்.டி.எஃப்.சி.யை நிறுவிய எச்.டி. பரேக் 1983-இல் தொடங்கிய கம்பெனி. இந்தியாவில் எண்ணெய் தேட வந்த முதல் தனியார் கம்பெனி என்ற பெயர் அதற்கு உண்டு. தலைமை இடம் சென்னை. காவிரிப் படுகையின் கடல் பகுதியில் இருக்கும் பி.ஒய்-1 எரிவாயு வயல் முழுக்க அதற்கே சொந்தம், பங்காளி கிடையாது. இத்தாலியின் பெரிய எண்ணெய்க் கம்பெனியான எனி ஏறத்தாழ 47 சதவீதப் பங்கு வைத்திருந்தது. இதைவிட என்ன வேண்டும்? 2009 நவம்பரில் கடலடிக் குழாய் வழியே பிள்ளைப்பெருமாநல்லூருக்கு வாயு வந்தது. பங்கு இருநூறு ரூபாயைத் தாண்டியது.

பிரச்சினை பாறையில் இருந்தது. அந்த வாயு மணற்பாறைக்குள் சீராக ஊறிக் கிடக்கவில்லை. கருங்கல் பாறையின் வெடிப்புகளுக்குள் இருந்தது. மொரப்பூர்க்காரனுக்கு இதையும் விளக்கத் தேவையில்லை. நம் தண்ணீரும் கல்லிடுக்குத் தண்ணீர்தான். முதல் மாதம் பொங்கும், பிறகு எந்த இடுக்கு எதோடு சேர்ந்திருக்கிறது என்று மோட்டார்தான் சொல்லும். பி.ஒய்-1-இல் எதிர்பார்த்த வாயு வரவில்லை. இருப்பு மதிப்பீட்டைப் பெருமளவு குறைத்தார்கள், கணக்கில் சொத்து மதிப்பையும் வெட்டினார்கள். பங்கு சில வருடங்களில் நூறு ரூபாய்க்குக் கீழே. எனி பின்னால் விலகிப்போனது. கம்பெனி பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. பூமிக்கடியில் இருப்பதைப் பற்றிய எந்த எண்ணும் மதிப்பீடுதான் என்பதைப் பங்கு வாங்குகிறவர்தான் மறந்துபோகிறார்.

2015-இல் கெய்ர்ன் இந்தியா என்ற எண்ணெய்க் கம்பெனியிலிருந்து வந்த பி. இளங்கோ பொறுப்பேற்று வேறு வழி பிடித்தார். புதிதாகத் தேடுவதைவிட, முன்பே கண்டுபிடித்துச் சின்னது என்று விட்டுவைத்த வயல்களை அரசு ஏலம் விட்டபோது எடுப்பது. மும்பைக் கடலில் பி-80 அப்படி வந்தது. எண்ணெய் இருப்பது தெரிந்த இடம். ஆனாலும் 2017-இல் ஒப்பந்தம், 2022-இல்தான் உற்பத்தி. இருக்கிறது என்று தெரிந்த எண்ணெய்க்கே ஐந்து வருடம். மாந்தோப்புக்காரருக்கு நான் அழுத்திச் சொன்னது இதைத்தான்.

மன்னார் வளைகுடாவின் இலங்கைப் பக்கத்தில் 2011-இல் அதே கெய்ர்ன் அடுத்தடுத்து இரண்டு கிணறுகளில், டொராடோ, பாரகுடா, வாயுவைக் கண்டது. யாழ்ப்பாணத்திலிருந்து சிட்னி வரை தமிழர்கள் பேசிக்கொண்டார்கள். 2015-இல் கெய்ர்ன் தொகுதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டது. வாயு பொய்யில்லை. அதை மேலே கொண்டுவந்து விற்கும் கணக்கு கட்டுப்படியாகவில்லை.

கண்டுபிடிப்புச் செய்தியே தவறிப்போனதும் உண்டு. ஃபாக்லாந்து தீவுகளுக்கு அருகே தேடிக்கொண்டிருந்த டிசையர் பெட்ரோலியம் என்ற பிரிட்டிஷ் கம்பெனி 2010 டிசம்பர் தொடக்கத்தில் ரேச்சல் நார்த் கிணற்றில் எண்ணெய் என்று அறிவித்தது. பங்கு பாய்ந்தது. சில நாளிலேயே, கிடைத்தது தண்ணீர் என்று திருத்தினார்கள். விலை ஏறத்தாழ பாதியாகச் சரிந்தது. மொரப்பூரில் அந்தக் கிணறு விழுந்திருந்தால் கிடா வெட்டியிருப்போம்.

ரிக் வாடகைக்கு விடுபவர் பக்கம் போகலாமே என்று கேட்பார்கள். போர் பொய்த்தாலும் திருச்செங்கோட்டுப் போர் லாரிக்காரருக்குக் காசு வந்துவிடும் அல்லவா? சென்னை அபான் ஆஃப்ஷோர் அந்த வியாபாரம்தான். 2008 தொடக்கத்தில் அதன் பங்கு ஐயாயிரம் ரூபாய் அளவுக்குப் போனது. நார்வேயின் சின்வெஸ்ட் கம்பெனியை வாங்கியதில் கடன் மேல் கடன். 2010 மே மாதம் வெனிசுலா கடலில் அபான் பேர்ல் ரிக் மூழ்கியது. அதிலிருந்த 95 பேரும் தப்பியது பெரிய புண்ணியம். பிறகு எண்ணெய் விலை விழ, ரிக்குகள் வேலையில்லாமல் நின்றன, வட்டி நிற்கவில்லை. பங்கு இரண்டு இலக்கத்துக்கு வந்தது.

ஆகவே நான் ஆண்டறிக்கையில் முதலில் தேடுவது எண்ணெய் அளவை அல்ல. வயலில் கம்பெனியின் பங்கு எத்தனை சதவீதம், அனுமதி எந்த வருடம் முடிகிறது, அடுத்த கிணற்றுக்குப் பணம் யார் போடுகிறார்கள். கையிருப்பு ரொக்கம் ஒரு கிணற்றுக்குக்கூடக் காணாது என்றால், கம்பெனி புதுப் பங்கு வெளியிடும். ஏற்கெனவே வைத்திருப்பவரின் பங்கு நீர்த்துப்போகும். ‘நிரூபணமான இருப்பு’ என்றும் ‘சாத்தியமுள்ள வளம்’ என்றும் இரண்டு அட்டவணை இருக்கும். வாட்ஸ்அப்பில் சுற்றுவது எப்போதும் இரண்டாவதுதான், எண் பெரிது என்பதால்.

தோப்புக்காரர் ஒரு வாரம் கழித்து வந்து, நினைத்ததில் பத்தில் ஒரு பங்குக்கு வாங்கினார். மீதி சொட்டுநீர்க் குழாய்க்குப் போனது. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. போர் போடத் துணிந்தவனுக்கு இந்தச் சூதும் பிடிக்கத்தான் செய்யும். போனால் போகட்டும் என்கிற பணமாக இருந்தால் சரி.

விற்று நஷ்டமானால் அதையும் கணக்கில் காட்டச் சொல்கிறேன். பலர் வெட்கப்பட்டு விட்டுவிடுகிறார்கள். ஒரு வருடத்துக்குள் விற்ற நஷ்டத்தை எந்த மூலதன லாபத்திலும் கழிக்கலாம். அதற்கு மேல் வைத்திருந்து விற்ற நஷ்டத்தை நீண்டகால லாபத்தில் மட்டும். கழியாதது எட்டு வருடம் வரை அடுத்தடுத்த கணக்குக்குப் போகும். ஆனால் ரிட்டர்னைக் கெடு தேதிக்குள் போட்டிருக்க வேண்டும், ஒரு நாள் தாண்டினாலும் கிடையாது.