கை வீக்கத்தைப் படிக்காத பிசியோதெரபியா?

கல்லூரி விண்ணப்பங்களுக்குக் கடைசி நாள் நெருங்க, சுங்கை பட்டாணி, பீடோங் பக்கத்துப் பெற்றோரிடமிருந்து ஒரே சந்தேகம் திரும்பத் திரும்ப வருகிறது: பிசியோதெரபி படிக்கும் பிள்ளைக்குப் புற்றுநோயோடு என்ன வேலை?

நிறைய வேலை. மார்பகப் புற்றுநோய்க்காக அக்குளிலுள்ள நிணநீர் முடிச்சுகளை எடுத்துவிட்டால், கையிலிருந்து நிணநீர் வடியும் வழி குறுகிவிடும். கதிர்வீச்சும் சேர்ந்தால் இன்னும் குறுகும். தேங்கிய நீரிலுள்ள புரதம் மேலும் நீரை இழுக்க, கை வீங்கும். அந்த நீரை மேலே தள்ளத் தசையும் அசைய வேண்டும்.

ஆனால் ‘பாரம் தூக்காதீர்கள்’ என்று சொல்லி அனுப்புவதே நெடுங்கால வழக்கம். பால்மரம் வெட்டும் பெண்ணுக்கு அது வேலையை விடு என்பதற்குச் சமம். சும்மா வைத்த கை பலமிழக்கும். பிறகு ஒருநாள், பழகிய பால் வாளியே தாங்காத பாரமாகிவிடும். 2009இல் வெளியான அமெரிக்க ஆய்வில் கேத்ரின் ஷ்மிட்ஸ் குழுவினர், ஏற்கெனவே கை வீங்கியிருந்த 141 பெண்களிடம் அந்த அறிவுரையைச் சோதித்தார்கள். பாதிப் பேர் அழுத்த உறை அணிந்து, மிகக் குறைந்த எடையில் தொடங்கி, மேற்பார்வையில் மெல்ல மெல்லக் கூட்டினார்கள். ஓராண்டில் எடை தூக்காதவர்களைவிட அவர்களுக்கு வீக்கம் கூடிவிடவில்லை. திடீரென மோசமாவதும் குறைந்தது.

ஆக, மாணவர் கற்க வேண்டியது அந்த ‘மெல்ல மெல்ல’தான். எதில் தொடங்குவது, எப்போது கூட்டுவது, எந்த அறிகுறி கண்டால் குறைப்பது. அளவுநாடா காட்டும் முன்பே கை வீங்கும் பெண்ணே சொல்லிவிடுவார்: “வளையல் இறுக்குதும்மா.” அதைக் காதில் வாங்காத மாணவர், அச்சடித்த பயிற்சித் தாளைக் கொடுத்து அனுப்பிவிடுவார்.

‘புற்றுநோய் மறுவாழ்வும் பாடத்திட்டத்தில் உண்டு’ என்று கையேடுகள் சொல்லும். அது ஒரே ஒரு விரிவுரையாகவும் இருக்கலாம். ஒரு நோயாளியின் கையை அளந்து, சில வாரம் கழித்து அதே கையை மறுபடி அளந்த மாணவரைத்தான் இதைப் படித்தவர் என்பேன். சேரும் முன் கேளுங்கள்: எத்தனை மணி நேரம், எந்த மருத்துவமனையில், யார் மேற்பார்வையில்?

சீக்கிரம் கண்டுபிடித்தால் இதெல்லாம் எதற்கு? நடப்பது வேறு: மலேசியாவின் 2012–2016 தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டில், எல்லா வகைப் புற்றுநோய்களையும் சேர்த்து, 60 விழுக்காட்டுக்கும் மேல் 3, 4ஆம் நிலையில்தான் கண்டறியப்பட்டன.

கெடாவில் எங்கே படிக்கலாம்? செமெலிங் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பு உண்டு.

பட்டம் போதுமா? போதாது, துணை மருத்துவத் தொழில்களுக்கான 2016ஆம் ஆண்டின் சட்டம் 774இன் கீழ் பதிவும் வேண்டும்.

வீங்கிய கை சிவந்து, சுட்டு, காய்ச்சலும் வந்தால்? பயிற்சியை நிறுத்தி, அன்றே டாக்டரிடம்.

புற்றுநோய் வந்தவருக்குத் தூங்கவிடாத முதுகுவலி என்றால்? தேய்த்துவிடக் கூடாது, எலும்புக்குப் பரவியிருக்கலாம்; கால் மரத்தாலோ தளர்ந்தாலோ நேரே அவசரப் பிரிவுக்கு.