பனிப்பந்தும் நாற்றங்காலும்

சென்னைப் பட்டணத்து வெயிலில் பனிக்கட்டிப் பந்து உருளுமா? "உருளுவதாவது! இரண்டு நிமிஷத்தில் உருகி ஓடிவிடும்" என்றுதான் நேயர்கள் சொல்வீர்கள். ஆயினும், 1960-ஆம் வருஷத்தை ஒட்டிய காலத்தில், பழைய சென்னை ராஜ்யத்தில் அத்தகைய பந்து ஒன்றை உருட்டிப் பார்த்தார்கள். உருண்டது பனியல்ல, இங்கிலீஷ் உபாத்தியாயர்களுக்கு அளித்த பயிற்சி.

விஷயம் இதுதான். இலக்கண விதிகளை நெட்டுருப் போடுவதும், வரிக்கு வரி தமிழில் அர்த்தம் சொல்லுவதுமே இங்கிலீஷ் பாடம் என்று பள்ளிக்கூடங்களில் வெகுகாலம் நடந்து வந்தது. அதற்கு மாறாகப் புது முறை ஒன்று வந்தது. எளிய வாக்கிய அமைப்புகளைப் பொறுக்கி எடுத்து, வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றாக வாய்மொழியில் பழக்க வேண்டும் என்பது அதன் சாரம். உபாத்தியாயர் கதவை நோக்கி நடந்துகொண்டே, தாம் நடப்பதை இங்கிலீஷில் சொல்லுவார். பிறகு ஒரு பையன் நடப்பான், வகுப்பு முழுவதும் சொல்லும். கேட்பதற்கு எளிதுதான். ஆனால் பல வருஷங்களாகப் புஸ்தகத்தைக் கையில் பிடித்தபடியே பாடம் நடத்திய ஒருவருக்கு, அதைக் கீழே வைத்துவிட்டுக் கதவு வரையில் நடப்பது காசியாத்திரை போவதைவிடக் கஷ்டமான காரியம்!

ஆகவே, மறு பயிற்சி அவசியமாயிற்று. எத்தனை பேருக்கு? ஆரம்ப நிலையில் இங்கிலீஷ் போதிக்கும் 27,000 உபாத்தியாயர்களுக்கு! அத்தனை பேரையும் ஒரே இடத்தில் கூட்டி உட்கார வைப்பது எப்படி? ஆகையால், முதலில் பொறுக்கி எடுத்த சிலருக்குப் பயிற்சி, அவர்கள் பலருக்கு, அந்தப் பலர் இன்னும் பலருக்கு என்று ஏற்பாடு செய்தார்கள். உருள உருளப் பருக்கும் பனிப்பந்தை ஒத்திருந்தபடியால், 1962-இல் இங்கிலாந்துப் பத்திரிகை ஒன்றில் இம்முயற்சியைப் பற்றி வெளியான கட்டுரைக்குச் "சென்னைப் பனிப்பந்து" என்றே பெயர் சூட்டினார்கள்.

இத்தகைய திட்டத்தில் கணக்கின் வசீகரத்தைப் பாருங்கள். உதாரணத்துக்கு, 30 பேர் தலைக்கு 30 பேருக்குக் கற்பித்தால் 900 பேர் ஆகிறார்கள். அந்த 900 பேரும் அவ்விதமே கற்பித்தால் 27,000! இரண்டே படிகளில் ராஜ்யம் முழுவதற்கும் வேலை தீர்ந்தது.

ஆனால் காகிதத்துக்கு வெயில் உறைப்பதில்லை. இம்மாதிரித் திட்டம் எந்த நாட்டில் நடந்தாலும் அதற்கு ஓர் அபாயம் உண்டு. முதற் படியில் தேர்ந்த நிபுணர் மாதிரிப் பாடம் நடத்திக் காட்டுவார். பயில்வோரும் நடத்திப் பார்ப்பார்கள். இரண்டாம் படியில் மாதிரிப் பாடத்தை வர்ணிப்பார்கள். மூன்றாம் படியிலோ, வர்ணனையைக் குறிப்பெடுத்தவர் அந்தக் குறிப்பை வாசிப்பார். "மாணாக்கர்களைப் பேச விடுங்கள்" என்னும் உபதேசத்தை, ஒருவரையும் பேச விடாமல் மூன்று மணி நேரம் பிரசங்கம் செய்வார்! அதுவும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. கடைசிக் கிராமத்துக் குழந்தையிடம் பந்து போய்ச் சேரும்போது ஈரம் மட்டுமே மிஞ்சியிருக்கும்.

இக்காலத்தில் இந்தக் கூட்டங்களுக்குப் "பயிற்சிப் பட்டறை" என்று பெயர். மிகவும் பொருத்தமான பெயர். கொல்லன் பட்டறையில் பிரசங்கம் கேட்டுச் சுத்தியல் பிடிக்கக் கற்றவன் எவனும் இல்லை அல்லவா? அப்படியானால், உண்மையான பட்டறை எப்படி நடக்க வேண்டும்?

முதலாவதாக, உபாத்தியாயர் நிற்கும் இடத்திலிருந்தே தொடங்க வேண்டும். டாக்காவில் உபாத்தியாயர் பயிற்சிக் கல்லூரியின் தலைவராயிருந்த மைக்கேல் வெஸ்ட் என்பவர், கஷ்டமான சூழ்நிலையில் இங்கிலீஷ் போதிப்பதைப் பற்றியே 1960-இல் ஒரு புஸ்தகம் எழுதினார். நெருக்கியடித்த பெஞ்சிகள், நாற்பது ஐம்பது பிள்ளைகள், சுட்டெரிக்கும் வெயில் ஆகியவற்றை மறந்துவிட்டுச் சொல்லும் யோசனை எதற்கும் உதவாது என்பதை அவர் அறிந்திருந்தார். "உங்கள் வகுப்பில் எத்தனை பேர்? எந்த இடத்தில் பாடம் தடுக்கிப் போகிறது?" என்று கேட்ட பிறகே, பட்டறை நடத்துகிறவர் தம் மூட்டையை அவிழ்க்க வேண்டும்.

இரண்டாவதாக, உபாத்தியாயரைச் சிறிது நேரம் மாணாக்கராக்க வேண்டும். இதற்கு ஓர் உபாயம் உண்டு. கூடியிருப்பவர்களில் ஒருவருக்கும் தெரியாத பாஷையில், ஜப்பானிய பாஷை என்று வைத்துக் கொள்வோம், அரைமணி நேரம் பாடம் நடத்துகிறார்கள். வாத்தியார்களின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பக்கத்தில் இருப்பவரை ஒருவர் எட்டிப் பார்க்கிறார். ஒருவர் தலை குனிந்து கொள்கிறார். தம் பெயரைக் கூப்பிட்டு விடுவார்களோ என்று இன்னொருவர் நடுங்குகிறார். கடைசிப் பெஞ்சிப் பையன் ஏன் வாய் திறப்பதில்லை என்பது நூறு பிரசங்கங்களில் விளங்காமல், அந்த அரைமணியில் விளங்கிவிடுகிறது.

மூன்றாவதாக, ஒவ்வொருவரும் தாமே செய்து பார்க்க வேண்டும். அமெரிக்காவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் 1960-களில் இதற்கு ஒரு வழி வகுத்தார்கள். நாலைந்து பேரை மாணாக்கராக வைத்துக்கொண்டு சில நிமிஷமே நீடிக்கும் சின்னஞ்சிறு பாடம். உடனே அதைப் பற்றிப் பேச்சு. பிறகு அதே பாடத்தைத் திருத்தி மறுபடியும் நடத்துவது. இதில் தவறு செய்வதால் மானம் போவதில்லை. எதிரே இருப்பவரும் அடுத்தாற்போல் எழுந்து வரவேண்டியவர்தானே!

இவற்றையெல்லாம்விட முக்கியமானது ஒன்று உண்டு. உபாத்தியாயர் வெறும் குழாய் அல்ல. மேலே ஊற்றியது அப்படியே கீழே வந்துவிடாது. 1979 முதல் 1984 வரையில் என். எஸ். பிரபு என்ற அறிஞரும் அவருடைய சகாக்களும் பெங்களூரிலும் சென்னையிலும் சாதாரணப் பள்ளிக்கூடங்களிலே புது விதமாக இங்கிலீஷ் போதித்துப் பார்த்தார்கள். ரயில் நேர அட்டவணையையும் வரைபடத்தையும் கொடுத்துப் பிள்ளைகளை யோசிக்க வைத்தார்கள்; கருத்தில் மனம் செல்லும்போது பாஷை தானே படியும் என்பது அவர்கள் கொள்கை. அவ்வளவு பெரிய முயற்சி செய்த அதே பிரபு, 1990-இல் எழுதிய கட்டுரையில், எல்லோருக்கும் ஏற்ற மிகச் சிறந்த முறை என்று ஒன்று கிடையாது என்றார். தாம் போதிப்பதால் பிள்ளைகள் எவ்விதம் கற்கிறார்கள் என்று உபாத்தியாயர் மனத்தில் சொந்தமான நம்பிக்கை ஒன்று உயிரோடு இருக்க வேண்டும். அது செத்துப் போனால் எந்த முறையும் வெறும் சடங்காகிவிடும் என்பது அவர் அபிப்பிராயம். அந்த நம்பிக்கையை அசைத்து, சோதித்து, வளரச் செய்வதே பட்டறையின் வேலை.

இது ஒரு நாளில் ஆகிற காரியமா? பட்டறை முடிந்ததும் புகைப்படம் எடுத்துக்கொண்டு, அத்தாட்சிப் பத்திரத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு எல்லோரும் ஊருக்குத் திரும்பிவிடுகிறார்கள். திங்கட்கிழமை காலையில் பழைய வகுப்பு, பழைய பெஞ்சி, பழைய பரீட்சை. புது முயற்சி முதல் தடவை தவறிப்போனால், "இதெல்லாம் நமக்கு ஒத்து வராது" என்று அன்றே கைவிடுவதற்குப் பதில், பக்கத்துப் பள்ளிக்கூடத்து நண்பர் ஒருவரோடு பேசுவதற்கு வழி இருக்க வேண்டும். மாதம் ஒருமுறையாவது நாலு பேர் கூடி, "நான் இப்படிச் செய்தேன், இங்கே தவறிற்று" என்று சொல்லிக்கொள்ள ஓர் இடம் வேண்டும்.

பனி நமக்குப் பழக்கமில்லாத பொருள். நமக்குத் தெரிந்தது நாற்றங்கால். நாற்றைப் பிடுங்கி நட்டுவிட்ட குடியானவன் அன்றைக்கே திண்ணையில் படுத்துவிடுவதில்லை. தண்ணீர் பாய்ச்சுகிறான், களை பறிக்கிறான், பயிர் வேர் பிடித்ததா என்று தினம் ஒருமுறை வரப்பில் நின்று பார்க்கிறான். உபாத்தியாயர்களுக்குப் பட்டறை நடத்த முன்வருகிறவர்கள், எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணுவதோடு நிற்காமல், மூன்று மாதம் கழித்து அவர்களில் ஒருவருடைய வகுப்பின் கடைசிப் பெஞ்சியில் போய் உட்கார்ந்து பார்க்கட்டும். பயிர் பிடித்ததா இல்லையா என்பது அங்கேதான் தெரியும்.