மன்னார்ப் பவளம்: கடப்பாரையும் வெயிலும்

தனுஷ்கோடியில் 1964 புயலுக்குத் தப்பி நிற்கும் தேவாலயச் சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்கள். கல் முழுக்கத் தேன்கூடு போலப் பொடிப்பொடிக் குழிகள். ஒவ்வொரு குழியும் ஒரு பவள உயிர் குடியிருந்த வீடு. அந்தக் காலத்தில் இந்தக் கரையில் வீடு கட்டக் கல் வேண்டுமென்றால் மலையைத் தேட வேண்டியதில்லை, கடலே கொடுத்தது.

வீட்டுக்கு எடுத்ததோடு நின்றிருந்தால் கடல் தாங்கியிருக்கும். 1960, 70களில் சுண்ணாம்புக் காளவாய்க்கும் தொழிற்சாலைகளுக்கும் கல் தேவைப்பட்டது. கடப்பாரையால் பெயர்த்து, வள்ளம் வள்ளமாகக் கரையேற்றினார்கள். பெயர்த்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது அவர்களுக்கு அன்றாடக் கூலி, சட்டமும் அப்போது தடுக்கவில்லை. ஆனால் அலையின் வேகத்தை உடைத்துக்கொண்டிருந்தது அந்தப் பாறைதான். அது போனதும் தீவுகளின் மணல் அரிபட்டது. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையிலுள்ள 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் நீருக்குள் போய்விட்டன.

1986-இல் இந்தத் தீவுகளும் சுற்றியுள்ள கடலும் தேசியப் பூங்கா ஆயின. 2001-இல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தது. ஆனாலும் கல் எடுப்பது நின்றது சுனாமிக்குப் பிறகு, 2005 வாக்கில்தான். அப்புறம் நடந்ததைத்தான் எல்லோருக்கும் சொல்ல ஆசைப்படுகிறேன். அப்போது சுமார் 37 சதவீதமாக இருந்த உயிர்ப்பவளப் பரப்பு, 2009-இல் 43 சதவீதத்தை எட்டியது. கையை எடுத்தோம், கடல் தானே தழைத்தது.

இங்கே 117 வகைப் பவளங்கள் பதிவாகியிருக்கின்றன. மான்கொம்புப் பவளத்தின் கிளைகளுக்குள் விரல் நீளக் குஞ்சு மீன்கள் கூட்டமாக நிற்கும். நிழல் விழுந்தால் அத்தனையும் ஒரே நொடியில் உள்ளே மறையும். அடியில் பொந்துக்குள்ளிருந்து சிங்கி இறாலின் மீசை மட்டும் அசையும். களவா, ஓரா, கிளிமீன் எல்லாம் இந்தப் பவளப் பாறையை நம்பித்தான் இருக்கின்றன. பவளத்தின் நிறமும், அதன் உணவில் பெரும்பங்கும், அதன் திசுவுக்குள் வாழும் ஒற்றைச்செல் பாசி கொடுப்பது.

இன்றைய சிக்கல் அந்தப் பாசியில் தொடங்குகிறது. ஏப்ரல் முதல் ஜூன் வரை கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடேறினால் பவளம் பாசியை வெளியே தள்ளிவிடுகிறது. நிறம் போய், கண்ணாடித் திசுவுக்கு அடியில் வெள்ளை எலும்பு தெரியும். அப்போதும் அது சாகவில்லை. சில வாரங்களில் நீர் குளிர்ந்தால் பிழைத்துக்கொள்ளும். குளிராவிட்டால் பட்டினியில் செத்து, மேலே பழுப்புப் பாசி படர்ந்துவிடும். 2010-இல் இப்படி வெளுத்தது. 2016-இல் வெளுத்தபோது உயிர்ப்பரப்பு சுமார் 39-இலிருந்து 23 சதவீதத்துக்கு இறங்கியது. 2024-இல் மறுபடி. போதாக்குறைக்கு, வணிகத்துக்காகக் கொண்டுவந்து வளர்த்த கப்பாபைகஸ் பாசி தப்பிப்போய்க் குருசடைத் தீவின் பவளத்தை மூடத் தொடங்கியதை 2008-இல் கண்டார்கள்.

தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் 2002 முதல் பவளத் துண்டுகளைச் சிமெண்ட் பலகைகளில் கட்டிக் கடலடியில் வளர்த்துவருகிறது. நல்ல வேலை, பொறுமையான வேலை. ஆனால் நட்டதும் அதே சூட்டு நீரில்தான் வாழ வேண்டும். கடப்பாரையை நாம் இங்கேயே நிறுத்திக்கொண்டோம். வெப்பத்தை இந்தக் கரை மட்டும் நிறுத்த முடியாது. அதனால்தான் மற்ற அடிகளையாவது குறைக்கவேண்டும் என்கிறேன்: பாறையில் மாட்டிய கிழிவலை, கடலில் விடும் கழிவு, பவளத்தின் மேல் இறக்கும் நங்கூரம், வைக்கும் கால். அப்படிக் குறைத்தால்தான் வெயிலில் தளர்ந்த பவளம் தேறி வர இடைவெளி கிடைக்கும்.

ராமேஸ்வரம் பக்கம் போகிறவர்களுக்கு ஒன்று: யாராவது பவளக்கல்லை நீட்டினால் விலை கேட்காதீர்கள். விற்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம்.