2147483647

2147483647 (இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு இலட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு) என்பது 2147483646 இற்கும் 2147483648 இற்கும் இடையில் உள்ள இயல் எண் ஆகும். இதனை 2³¹ − 1 எனச் சுருக்கமாக எழுதலாம். இது ஒரு பகா எண். கணினியில் 32 பிட் அளவுடைய, குறியுள்ள முழு எண் ஏற்கக்கூடிய மிகப்பெரிய மதிப்பும் இதுவே.

வகைப்பாடு

2 இன் அடுக்கு ஒன்றிலிருந்து 1 ஐக் கழித்துப் பெறப்படும் பகா எண், மெர்சென் பகா எண் எனப்படும். அவ்வரிசையில் இது எட்டாவது. அடுக்காக உள்ள 31 உம் ஒரு மெர்சென் பகா எண்ணாதலால் (2⁵ − 1) இது இரட்டை மெர்சென் பகா எண்ணும் ஆகும். இவ்வகையில் 7, 127, 2147483647, 2¹²⁷ − 1 ஆகிய நான்கு மட்டுமே அறியப்பட்டுள்ளன. இவ்வெண்ணை 2³⁰ ஆல் பெருக்கினால் 2305843008139952128 என்னும் எட்டாவது நிறைவெண் கிடைக்கும்.

பகா எண் என நிறுவப்பட்டமை

1644 இல் மெர்சென் வெளியிட்ட பட்டியலில் 31 என்னும் அடுக்கு இடம்பெற்றிருந்தது. ஆனால் அவர் நிறுவல் எதுவும் தரவில்லை. அப்பட்டியலில் இருந்த 67, 257 ஆகியன பிழை எனப் பின்னர் தெரியவந்தது. 1772 இல் லியோனார்டு ஆய்லர், பெர்னூலிக்கு எழுதிய மடலில் இவ்வெண் பகா எண்ணே என அறிவித்தார்.

இதன் வர்க்கமூலம் 46340 ஐச் சற்றே தாண்டும். எனவே அதுவரையுள்ள பகா எண்களால் மட்டும் வகுத்துப் பார்த்தால் போதும். ஆனால் அவையே நாலாயிரத்துக்கும் மேற்பட்டவை. இங்குதான் கணிதம் உழைப்பைக் குறைக்கிறது. 2³¹ − 1 இற்குப் பகாக் காரணி ஒன்று இருப்பின், அதனை 62 ஆல் வகுக்க மீதி 1 வரவேண்டும். 8 ஆல் வகுக்க மீதி 1 அல்லது 7 வரவேண்டும். இவ்விரு நிபந்தனைகளையும் இணைத்தால், 248 ஆல் வகுக்க மீதி 1 அல்லது 63 வரும் எண்களே எஞ்சும். 46340 வரை அத்தகையவை ஏறத்தாழ 370 தான். அவற்றிலும் பகா எண் அல்லாதவற்றை விட்டுவிடலாம். கையால் செய்து முடிக்கக்கூடிய வேலை!

1811 இல் பீட்டர் பார்லோ என்னும் ஆங்கிலக் கணிதவியலாளர், மேற்கூறிய நிறைவெண்ணைவிடப் பெரியதொன்றை இனி எவரும் தேடமாட்டார் எனக் கருதினார். பயனற்ற ஒன்றுக்காக யார் அவ்வளவு உழைப்பார் என்பது அவர் எண்ணம். 1876 இல் எடுவார்டு லூக்கா 2¹²⁷ − 1 பகா எண் என நிறுவியபோது அது பொய்த்தது.

கணினியில்

32 பிட்டுகளில் ஒன்று குறிக்குச் செல்ல, எஞ்சிய 31 பிட்டுகளும் 1 ஆக இருக்கும்போது இவ்வெண் உருவாகிறது. மேலும் 1 ஐக் கூட்டினால் பெரும்பாலான கணினிகளில் விடை −2147483648 ஆக மாறிவிடும். 2014 டிசம்பரில் கங்னம் ஸ்டைல் நிகழ்படத்தின் பார்வை எண்ணிக்கை இவ்வெல்லையைக் கடந்தபோது, யூடியூப் தன் எண்ணியை 64 பிட்டாக மாற்றியிருந்தது.

யுனிக்சு வழிவந்த இயக்குதளங்கள் 1970 சனவரி 1 முதல் நொடிகளை எண்ணி நேரத்தைக் குறிக்கின்றன. 32 பிட்டில் எண்ணும் நிரல்கள் 2038 சனவரி 19 அன்று இந்திய நேரம் காலை 8:44:07 இற்கு இவ்வெண்ணை அடையும். அடுத்த நொடியில் அவை 1901 டிசம்பருக்குத் திரும்பிவிடும். புதிய கணினிகள் பெரும்பாலும் 64 பிட்டுக்கு மாறிவிட்டன. எளிதில் மாற்றவியலாத பழைய உட்பொதி கருவிகளும் கோப்பு வடிவங்களுமே கவலைக்குரியவை.

இவ்வெல்லை பகா எண்ணாக அமைந்தது தற்செயலே. 16 பிட்டின் எல்லையான 32767 = 7 × 31 × 151; 64 பிட்டின் எல்லையான 2⁶³ − 1 உம் 7 ஆல் வகுபடும். எனினும் நிரலர்கள் இத்தற்செயலைப் பயன்படுத்திக்கொண்டனர்: முந்தைய எண்ணை 16807 ஆல் பெருக்கி, 2147483647 ஆல் வகுத்து, மீதியை அடுத்த எண்ணாகக் கொள்ளும் சமவாய்ப்பு எண் ஆக்கி பரவலாகப் புழங்கியது. வகுக்கும் எண் பகா எண்ணாகவும் பெருக்கி தகுந்ததாகவும் இருப்பதால், 1 முதல் 2147483646 வரையுள்ள எல்லா எண்களும் ஒவ்வொரு முறை வந்த பின்னரே வரிசை மீளும்.