சானடோரியமும் சந்து வீடும்

"டி.பி." என்ற இரண்டு எழுத்துக்களை வீட்டுக்குள் உரக்கச் சொல்லாத காலம் ஒன்று இருந்தது. "நெஞ்சிலே கொஞ்சம் கோளாறு" என்பார்கள். "பழைய சளி" என்பார்கள். கல்யாணத்திற்குப் பெண் இருக்கும் வீடானால் அதைக்கூடச் சொல்ல மாட்டார்கள். நோயாளிக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர், கொல்லைப்புறத்தில் ஓர் அறை. அறை இல்லாத வீட்டில் திண்ணையில் ஒரு மூலை. வசதியுள்ளவர்கள் மதனபள்ளிக்கோ தாம்பரத்துக்கோ அழைத்துச் செல்வார்கள். 1928-ல் டாக்டர் சௌரிமுத்து தாம்பரத்தில் ஆரம்பித்த ஆரோக்கிய நிலையம் எவ்வளவு பிரசித்தி பெற்றதென்றால், "சானடோரியம்" என்பது அங்கே ஒரு ரயில்வே ஸ்டேஷனின் பெயராகவே நிலைத்துவிட்டது.

க்ஷயரோகத்திற்கு மருந்தே இல்லாத நாளில் சானடோரியம் ஒன்றுதான் கதி. சுத்தமான காற்று, பூரண ஓய்வு, பால், முட்டை, மாதக் கணக்கில் படுக்கை. எல்லாம் நல்லவைதான். ஆனால் படுக்கை எங்கே? 1946-ல் வெளிவந்த போர் கமிட்டி அறிக்கை ஒரு கணக்குக் கொடுத்தது. அப்போதைய இந்தியாவில் தீவிரமான க்ஷயம் கண்டவர்கள் சுமார் 25 லட்சம். வருஷந்தோறும் இறப்பவர்கள் சுமார் 5 லட்சம். அவர்களுக்கென்று இருந்த ஆஸ்பத்திரிப் படுக்கைகள் ஏறக்குறைய 6,000. நானூறு பேருக்கு ஒரு கட்டில்! மற்றவர்கள் இருமிக்கொண்டே காத்திருக்க வேண்டியதுதான்.

இதற்கிடையில் மருந்துகள் வந்தன. 1943-ல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பின் பி.ஏ.எஸ்., 1952-ல் ஐஸோனியாஸிட். கடைசியாகச் சொன்னது மலிவானது. வாயில் போட்டு விழுங்கக்கூடிய மாத்திரை. உடனே ஒரு கேள்வி எழுந்தது. மாத்திரையே நோயைத் தீர்க்குமானால், நோயாளி கட்டிலில்தான் கிடக்க வேண்டுமா? வீட்டிலேயே இருந்து சாப்பிட்டால் போதாதா?

போதும் என்றார்கள் சிலர். கூடவே கூடாது என்றார்கள் பலர். பத்தடி அறையில் எட்டுப் பேர் படுத்துறங்கும் வீட்டில், கஞ்சியைக் குடித்துவிட்டு மூட்டை தூக்கப் போகும் மனிதனுக்கு மருந்து எப்படிப் பிடிக்கும்? பக்கத்திலே படுக்கும் கைக்குழந்தையின் கதி என்ன? வைத்தியர்களிடம் அபிப்பிராயங்களுக்குக் குறைவில்லை, ஆதாரத்துக்குத்தான் குறைவு.

ஆதாரம் தேடுவதற்கென்றே சில இடங்கள் உண்டு. சாதாரண ஆஸ்பத்திரி, "இந்த நோயாளிக்கு இன்று என்ன செய்யலாம்?" என்று கேட்கிறது. ஆராய்ச்சி நிலையமோ அதனுடன் நில்லாமல், "நாம் செய்வது உண்மையில் பலிக்கிறதா, அதை எப்படித் தெரிந்துகொள்வது?" என்றும் கேட்கிறது. நியூயார்க்கில் ராக்பெல்லர் ஆராய்ச்சிக் கழகம் 1910-ல் திறந்த ஆஸ்பத்திரி இந்த வகைக்கு ஒரு முன்னோடி. குறிப்பிட்ட சில நோய்களை மட்டும் எடுத்துக்கொண்டு, நோயாளிகளிடம் காசு வாங்காமல் சிகிச்சை செய்துகொண்டே அங்கே ஆராய்ந்தார்கள். அது கோடீசுவரர் ஒருவருடைய செல்வத்தில் எழுந்த கட்டிடம். சென்னையில் 1956-ல் ஆரம்பித்த க்ஷயரோக மருந்துச் சிகிச்சை நிலையத்துக்கு அப்படிப்பட்ட செல்வம் கிடையாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸில், சென்னை ராஜ்ய சர்க்கார், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸில் ஆகிய நான்கும் கூடி நடத்திய முயற்சி அது. வாலஸ் பாக்ஸ் என்ற ஆங்கில டாக்டர் தலைமை வகித்தார். அவரோடு நம்மவர்களான வைத்தியர்களும் புள்ளிவிவர நிபுணர்களும் உழைத்தார்கள். இன்றைக்கும் அந்த நிலையம் சேத்துப்பட்டில் இருக்கிறது. 2011 முதல் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிலையம் என்பது அதன் பெயர்.

அங்கே கேட்ட முதற் கேள்வி மேலே சொன்னதுதான். நகரத்தின் ஏழை எளிய மக்களில் க்ஷயரோகிகள் 193 பேரைச் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு பகுதியார் சானடோரியத்துக்கு; மற்றொரு பகுதியார் வீட்டுக்கு. இரு சாராருக்கும் ஒரே மருந்து: ஐஸோனியாஸிட்டும் பி.ஏ.எஸ்.ஸும், 12 மாதங்கள். யார் எங்கே போவது என்பதை டாக்டர் தீர்மானிக்கவில்லை; நோயாளியும் தீர்மானிக்கவில்லை. சீட்டுக் குலுக்குவது போன்ற ஒரு முறை தீர்மானித்தது.

இதென்ன, உயிரோடு சூதாட்டமா என்று நேயர்களுக்குத் தோன்றலாம். எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் யோசித்துப் பாருங்கள். டாக்டருக்கும் இரக்கம் உண்டு. அவரிடம் விட்டால் மிகவும் மெலிந்தவர்களைச் சானடோரியத்துக்கு அனுப்புவார். கொஞ்சம் தெம்பாக இருப்பவர்களை வீட்டுக்கு அனுப்புவார். வருஷ முடிவில் வீட்டிலிருந்தவர்கள் அதிகமாகக் குணமாகியிருந்தால், அது வீட்டின் பெருமையா, அவர்கள் முதலிலேயே தெம்பாக இருந்ததன் பெருமையா? யாராலும் சொல்ல முடியாது. சீட்டுக்கு இரக்கமும் இல்லை, பட்சபாதமும் இல்லை. மேலும், நானூறு பேருக்கு ஒரு கட்டில் என்றிருந்த தேசத்தில், வீட்டுச் சீட்டு விழுந்தவர் இழந்தது என்ன? சோதனையில் சேராதிருந்தால் அவருக்குக் கட்டிலும் கிடைத்திராது. மருந்தும் கிடைத்திருக்குமோ என்னவோ. இருந்தாலும், வீட்டிலிருக்கும் குழந்தைகளைப் பற்றிய பயம் நியாயமான பயம். அதற்கு வாய்ச் சமாதானம் போதாது. கணக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். ஆகையால் குடும்பத்தாரையும் எக்ஸ்ரே முதலிய சோதனைகள் செய்து விடாமல் கவனித்து வந்தார்கள்.

சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, நர்ஸுகளின் பணிவிடை, ஓய்வு. வீட்டிலோ பழைய சோறு, புகை, சண்டை, வேலை. இந்த இரண்டாவது கூட்டத்தைக் கவனிப்பதற்குத்தான் நிலையத்தின் முழு பலமும் தேவைப்பட்டது. மாதந்தோறும் கபத்தை எடுத்து, அதில் கிருமி வளர்கிறதா என்று வாரக் கணக்கில் பார்க்கும் சோதனைச் சாலை ஒன்று. எக்ஸ்ரே படங்கள். ஒரு நோயாளியையும் கணக்கிலிருந்து நழுவ விடாத எழுத்து வேலை. எல்லாவற்றுக்கும் மேலாக, குடிசைப் பகுதிகளின் சந்து பொந்துகளில் விலாசம் விசாரித்து நடந்து சென்ற சுகாதார ஊழியர்கள். எந்தக் கருவியையும்விட இவர்களுடைய கால்களையே அந்த நிலையத்தின் பெரிய சொத்தாக நான் மதிக்கிறேன்.

ஏனென்றால், மருந்து கொடுப்பது வேறு, சாப்பிடுவது வேறு. பாட்டி கொடுத்த கஷாயத்தைத் துளசி மாடத்தில் ஊற்றாதவர்கள் நம்மில் எத்தனை பேர்? பி.ஏ.எஸ். அந்தக் கஷாயத்துக்கு அண்ணன். கிராம் கணக்கில் விழுங்க வேண்டும், வயிற்றைப் புரட்டும். மூன்று மாதத்தில் இருமல் நின்றுவிட்டால், "இனி எதற்கு?" என்று தோன்றுவது இயற்கை. எனவே ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மிச்சமுள்ள மருந்தை எண்ணினார்கள்; சிறுநீரைச் சோதித்து, மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்தார்கள். குற்றம் கண்டுபிடிப்பதற்கல்ல, மனிதர்கள் உண்மையில் எப்படி மருந்து சாப்பிடுகிறார்கள் என்று தெரிந்துகொள்வதற்கு.

1959-ல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் பத்திரிகையில் முடிவு வெளியாயிற்று. ஒரு வருஷச் சிகிச்சைக்குப் பின் கபத்தில் கிருமியின்றி நோய் அடங்கியவர்கள், சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேர். வீட்டில் நூற்றுக்கு 86 பேர். சானடோரியத்தில் இருந்தவர்கள் உடம்பில் அதிகமாகச் சதை பிடித்தார்கள் என்பது வாஸ்தவம். ஆனால் நோய் தீருவதில் கண்ட வித்தியாசம் அற்பம். கஞ்சியும் கூலி வேலையும் மருந்தைத் தோற்கடிக்கவில்லை!

குழந்தைகள்? இதுதான் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு எதிர்பார்த்த விடை. நோயாளி வீட்டிலேயே இருந்த குடும்பங்களில், நோயாளி பிரிந்து சென்ற குடும்பங்களைவிட அதிகமாக நோய் பரவவில்லை. ஐந்து வருஷங்கள் தொடர்ந்து பார்த்தும் முடிவு மாறவில்லை. நோய் தொற்றுவது பெரும்பாலும் அது கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்னாலேயே நடந்துவிடுகிறது. மருந்து ஆரம்பித்த பிறகு கிருமியின் வேகம் சீக்கிரத்தில் ஒடுங்கிவிடுகிறது. ஒரு தாயாரை அவள் குழந்தையிடமிருந்து ஒரு வருஷம் பிரித்து வைப்பதால் குழந்தைக்கு லாபம் ஒன்றுமில்லை என்பதைச் சென்னையின் சந்து வீடுகள் உலகத்துக்குச் சொல்லிவிட்டன. சானடோரியத்தின் எல்லா வசதிகளையும் விட்டுவிட்டு, டாக்டர்கள் தடுத்தும் கேளாமல் வீடு திரும்பியவர்கள் சிலர் உண்டு. அவர்களை அறிவீனர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1962-ல் உருவான இந்தியாவின் தேசிய க்ஷயரோகத் திட்டம் வீட்டுச் சிகிச்சையையே அஸ்திவாரமாகக் கொண்டது. மற்ற நாடுகளிலும் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக வேறு காரியங்களுக்கு மாறின.

நிலையம் அத்துடன் ஓயவில்லை. தினந்தோறும் தானாக மருந்து சாப்பிடுவது கஷ்டமென்றால், வாரத்துக்கு இரண்டு தடவை ஊழியர் கண்ணெதிரே சாப்பிட்டால் பலிக்குமா என்று கேட்டார்கள். பலித்தது, 1964-ல் அந்த முடிவு வெளியாயிற்று. கண்ணெதிரே மருந்து கொடுக்கும் அந்த ஏற்பாடு பின்னால், 1990-களில், உலகமெங்கும் பரவியது. ஐஸோனியாஸிட்டைச் சிலர் உடல் வேகமாகவும் சிலர் உடல் மெதுவாகவும் செலவழிப்பதையும், மெதுவாகச் செலவழிப்பவர்களுக்குக் கைகால் எரிச்சல் அதிகம் வருவதையும், சிறிதளவு பி-6 வைட்டமின் அதைத் தடுப்பதையும் ஆராய்ந்தார்கள்.

எல்லாம் வெற்றி என்று எண்ணிவிட வேண்டாம். செங்கற்பட்டு ஜில்லாவில் 1968-ல் ஆரம்பித்த பி.சி.ஜி. ஊசிச் சோதனை, லட்சக்கணக்கான மக்களைச் சேர்த்துக்கொண்ட பெரும் வேள்வி. வருஷக் கணக்கில் காத்திருந்து பார்த்ததில், பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் க்ஷயத்தை அந்த ஊசி தடுக்கவில்லை என்று தெரிந்தது. கசப்பான முடிவு. ஆனாலும் அதை மூடி மறைக்காமல் வெளியிட்டார்கள். கைக்குழந்தைகளுக்கு மூளையுறையில் வரும் கொடிய க்ஷயத்தைத் தடுப்பதால் இன்றும் ஊசி போடப்படுகிறது. அதனிடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பது தெளிவாயிற்று.

அப்படியானால் சாப்பாட்டுக்கு மதிப்பே இல்லையா? சென்னைச் சோதனையைப் படித்துவிட்டு அவசரமாக அப்படிச் சொன்னவர்களும் உண்டு. மருந்து இருந்தால் கஞ்சி குடிப்பவனும் பிழைப்பான் என்பது ஒன்று; கஞ்சியே குடித்துக்கொண்டிருப்பவனுக்கு நோய் ஏன் வந்தது என்பது வேறொன்று. இரண்டாவது கேள்விக்கு அறுபது வருஷங்களுக்குப் பிறகு ஜார்க்கண்டிலிருந்து பதில் வந்தது. சென்னை நிலையத்தாரும் பங்கு கொண்ட அந்தச் சோதனையில், 2019 முதல் 2022 வரை 2,800 நோயாளிகளின் குடும்பங்களைச் சேர்ந்த 10,345 பேரைக் கவனித்தார்கள். நோயாளிகள் எல்லாருக்கும் உணவுப் பொருள் கொடுத்தார்கள். ஒரு பகுதிக் குடும்பங்களில் மட்டும் கூட இருப்பவர்களுக்கும், தலைக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரை கிலோ பருப்பு, வைட்டமின் மாத்திரை. 2023-ல் முடிவு வெளிவந்தது. அரிசியும் பருப்பும் பெற்ற வீடுகளில் புதிதாக நோய் கண்டவர்கள் நூற்றுக்கு 39 பங்கு குறைவு.

உலகில் ஆண்டுதோறும் க்ஷயம் காண்பவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் இந்தியர். சிகிச்சை பெறும் நோயாளிக்குச் சாப்பாட்டுச் செலவுக்காக மத்திய சர்க்கார் 2018 முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்து வந்தது. 2024 நவம்பரில் அதை 1,000 ரூபாயாக உயர்த்தியிருக்கிறது. அந்தப் பணம் நோயாளியின் பெயரில் வருகிறது. அதே அறையில் படுத்துறங்கும் மற்ற ஏழு பேருக்கும் மாதாமாதம் தவறாமல் அரிசியும் பருப்பும் போய்ச் சேர எவ்வளவு பிடிக்கும் என்ற கணக்கையும் யாராவது உட்கார்ந்து போட வேண்டும்.