முட்டையின் காபன் கணக்கு: இரு நாடுகள் சொல்லும் பாடம்

2023 இல் முட்டைத் தட்டுப்பாடு ஏற்பட்டு இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதியானபோது, என் பத்தாம் தர மாணவர் ஒருவர் கேட்டார்: "சேர், கடல் கடந்து வாற முட்டை சூழலுக்குக் கூடாதுதானே?" நியாயமான கேள்வி. ஆனால் முட்டையின் பச்சைவீட்டு வாயுக் கணக்கில் பயணத்துக்குரிய பங்கு மிகச் சிறியது. சில நூறு கிலோமீற்றர் கப்பலில் வரும் ஒரு கிலோ முட்டைக்கு அது கிராம் கணக்கில்தான் சேரும். மொத்தமோ கிலோக் கணக்கில் இருக்கிறது.

இதற்கு விரிவான ஆய்வுகள் உள்ள இரு நாடுகளைப் பார்ப்போம். 2012 இல் வெளியான ஆய்வொன்றின்படி, பிரித்தானியாவில் கூட்டில் வளர்க்கும் கோழியின் ஒரு கிலோ முட்டைக்கு 2.92 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமமான வாயு வெளியாகிறது. அமெரிக்காவில் 2010 ஆம் ஆண்டு உற்பத்திக்கு இது 2.08 கிலோ என 2014 இல் வெளியான ஆய்வு கூறியது.

எங்கிருந்து வருகிறது இந்த வாயு? கோழி, மாட்டைப் போல அசைபோட்டு மெதேனை வெளியிடும் பிராணியல்ல. பிரித்தானியக் கணக்கில் 64 முதல் 72 வீதம் வரை தீவனத்துக்கே உரியது. தானியத்துக்கு இடும் நைதரசன் பசளையிலிருந்து நைதரசு ஒட்சைட்டு கிளம்புகிறது. வெப்பத்தைப் பிடித்து வைப்பதில் அது காபனீரொட்சைட்டை விட சுமார் 270 மடங்கு வலியது. அடுத்த பங்கு கோழி எருவுக்கும் பண்ணையின் மின்சாரத்துக்கும் உரியது.

அமெரிக்காவில் சோளமும் சோயாவும் பண்ணைகளுக்கு அருகிலேயே விளைகின்றன. முட்டையில் முன்னணியிலுள்ள அயோவா மாநிலம் சோளத்திலும் முன்னணிதான். பிரித்தானியா கோதுமையை விளைவித்தாலும் சோயாவைத் தென் அமெரிக்காவிலிருந்து வாங்குகிறது. அங்கு காடழித்து விளைந்த சோயாவென்றால், அந்த அழிவையும் முட்டையின் கணக்கில் சேர்ப்பதா என்பதைப் பொறுத்து எண் ஏறும், இறங்கும். ஆகவே இரு குழுக்கள் வெவ்வேறு முறையில் போட்ட கணக்கை வைத்து ஒரு நாட்டுக்கு முதலிடம் கொடுப்பது சரியல்ல.

ஒரே ஆய்வுக்குள் ஒப்பிடுவதே நம்பகமானது. அமெரிக்காவில் 1960 இல் 7.23 ஆக இருந்த எண்தான் 2.08 ஆகக் குறைந்தது. அன்று ஒரு கிலோ முட்டைக்கு 3.4 கிலோ அளவில் தேவைப்பட்ட தீவனம், 2010 இல் 2 கிலோ அளவுக்கு வந்ததும் தீவனக் கலவை மாறியதும் இதற்கு முக்கிய காரணங்கள். பிரித்தானிய ஆய்வில் திறந்தவெளிக் கோழியின் முட்டை 3.38, சேதன முறை முட்டை 3.42. அதிகம் நடமாடும் கோழி அதிகம் தின்கிறது. கோழியின் நலனுக்கு நல்லதெல்லாம் காபன் கணக்கிலும் நல்லதாக இருப்பதில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

நமக்கு இதில் என்ன? 2021 இல் இரசாயனப் பசளைக்குத் தடை வந்தது. சோளச் செய்கை விழுந்தது. பின்னர் டொலர் தட்டுப்பாட்டால் தீவன இறக்குமதியும் சுருங்கியது. பண்ணைகளில் கோழிகள் குறைந்தன. பிள்ளையின் தட்டிலிருந்து முட்டை மறைந்தது, பெருநாள் வட்டிலப்பம்கூட யோசித்துச் செய்யும் பண்டமானது.

முட்டையின் விலையையும் அதன் காபன் கணக்கையும் தீர்மானிப்பது பெரும்பாலும் தீவனம்தான். அநுராதபுரம், மொனராகலை, அம்பாறை விவசாயி அளவான பசளையோடு நல்ல சோள விளைச்சல் எடுத்தால், பண்ணையில் தீவனம் சிந்தாமல், கோழி நோயில் சாகாமல் பார்த்துக்கொண்டால், எருவை ஈரத்தில் குவித்து வைக்காமல் உலர்த்தி மரக்கறித் தோட்டத்துக்கு அனுப்பினால், வாயுவும் குறையும், செலவும் குறையும்.

சூழலின் பெயரால் ஏழைப் பிள்ளையிடம் முட்டையைக் குறைக்கச் சொல்லத் தேவையில்லை. குறைய வேண்டியது ஒவ்வொரு முட்டைக்கும் செலவாகும் தீவனமே.